உதட்டிலிருந்து உதடுவரை பத்து முழம்

குமாசி நகரின் சுவாமே பகுதியில் பழைய அலுமினியத்தை உருக்கிப் பானை வார்க்கிறவர் அம்போஃபோ. தொழில் தாய்மாமனிடம் கற்றது. வேதத்தின் மூலமொழியான எபிரேயம் தானாகக் கற்றது. நடைபாதையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இலக்கணப் புத்தகம்தான் துணை. உலோகம் உருகும்வரை அச்சுமணலில் விரலால் வலமிருந்து இடமாக எழுதிப் பார்ப்பார். உருகியதும் எழுத்தை அழித்துவிட்டு வார்ப்பார். ஆறு வருடம் இப்படிப் போயிற்று. சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பைப் பத்தொன்பது வருடமாக அவர்தான் எடுக்கிறார்.

அந்த வகுப்புக்கு மச்சான் உருவில் ஆபத்து வந்தது. மனைவி செர்வாவின் தம்பி போவாட்டெங், கணக்கு வாத்தியார். ஒரு ஞாயிறு எழுந்து நின்றார்.

"மச்சான், சாலொமோன் கோயிலுக்கு வார்த்த வெண்கலத் தொட்டி வட்டமாம். குறுக்கே பத்து முழம், சுத்தி முப்பது முழமாம். முப்பத்தொண்ணரைக்குக் கிட்ட வரணுமே! என் வகுப்புல எழுதினா முட்டை மார்க்குதான்."

வகுப்பு சிரித்தது. பின்வரிசை அம்மாள் ஒருத்தி, "தோராயமா சொல்லியிருப்பாங்க, விடுப்பா" என்றாள்.

அம்போஃபோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "தோராயமா வார்த்தா மூடி உக்காராதும்மா. அடுத்த ஞாயிறு பதில் சொல்றேன். முடியலேன்னா வகுப்பை வேற யாராவது எடுக்கட்டும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாரம் முழுக்க அந்த வரிகளையே திரும்பத் திரும்பப் படித்தார். எபிரேயத்தில் தொட்டியின் விளிம்பை உதடு என்றே சொல்லி, 'உதட்டிலிருந்து உதடுவரை பத்து' என்று இருந்தது; கயிறு சுற்றிவர முப்பது. சில வரி தள்ளி, அந்த உதடு லில்லிப் பூப்போல விரிந்தது என்றும் இருந்தது. எல்லாம் கண்ணெதிரே இருந்தும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒருவர் பெரிய பானை வாங்கினார். மூடிக்காக உதட்டுக்கு உதடு அளந்த செர்வா, பிறகு லாரியில் ஏற்ற உதட்டுக்குக் கீழே கயிற்றைச் சுற்றினாள்.

"கயித்தை ஏன் அங்க சுத்துறே?" என்றார் அம்போஃபோ, கரண்டியும் கையுமாக.

"உதட்டுல சுத்தினா நழுவாதா? முப்பது வருஷமா பானை செய்யிற ஆளு கேக்குற கேள்வியா இது?"

அவர் கரண்டியைப் போட்டுவிட்டு வேதப் புத்தகத்துக்கு ஓடினார்.

ஞாயிறன்று, இழவு வீடுகளுக்குச் சமைக்கிற சபைப் பானையை வகுப்பின் நடுவில் வைத்தார். பதினோரு வருடத்துக்கு முன் அவர் வார்த்தது.

"அளந்து பாரு மச்சான். குறுக்கே உதட்டுக்கு உதடு. சுத்தளவு மட்டும் உதட்டுக்குக் கீழே."

போவாட்டெங் அளந்தார். குறுக்கே இருபது அங்குலம். சுற்றி வர அறுபத்து இரண்டே முக்காலுக்கு மேல் வரவேண்டும். கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அறுபதே கால்.

அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. "அறுபதுன்னே வச்சுக்கலாம், மச்சான்."

"அறுபதே கால்!" என்று அம்போஃபோ பலகையில் எழுதினார். "கால் அங்குலத்தை முழுங்கித்தான் வேதத்தைக் காப்பாத்தணுமா? சாலொமோன் தொட்டிய நான் பாத்ததில்ல. ஆனா உதடு விரிஞ்ச பாத்திரத்துக்குக் கீழே சுத்தளவு குறையும்; இது பொய்க்கணக்கு இல்ல. இதை எழுதினவன் வார்ப்புப் பட்டறையில நின்னவன்."

போவாட்டெங் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"அந்த உதட்டு வரியை இன்னொரு தரம் படிங்க. மெதுவா. எனக்கும் அந்த எழுத்து தெரியணும்."

அம்போஃபோ தன் வகுப்பைத் தொடங்கினார்.