நீலப் புகை

தெருவில் நெசவுக்காகப் பட்டு நூலைப் பாவாக நீட்டியிருந்த ஒரு காலையில்தான் மாமாவின் வண்டி எங்கள் மானத்தை வாங்கியது. மாமா என்றால் அப்பாவின் தங்கை கணவர். அத்தையும் அவரும் எங்கள் வீட்டிலேயே ஒரு பகுதியில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. களம்பூர் ஆலைகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றுவதற்காகப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை மாமா வாங்கியிருந்தார். அன்று அது கிளம்பும்போதே குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறியது, பின்னால் கரும்புகையைக் கக்கியது. பாவின்மேல் கரி படிந்துவிட, தெருவே திரண்டுவந்து அப்பாவைத்தான் திட்டியது.

வண்டியைக் கண்ணமங்கலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டார் மாமா. ஞாயிற்றுக்கிழமை வந்து, இப்போது புகை நீலமாக வருகிறது, இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார். பக்கத்தில் இல்லாவிட்டால் நல்ல சாமானை மாற்றிவிடுவார்களாம். அதனால் அந்த ஷெட்டிலேயே தங்கிக்கொண்டார். வாரம் ஒருமுறை வந்து துணி மாற்றிக்கொண்டு போவார். அத்தை துவைக்கப்போடும் அவர் சட்டைகளில் ஒரு கறைகூட இருக்காது. மாமா எவ்வளவு சுத்தக்காரர் என்று எனக்குப் பெருமை.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அத்தை மீன்குழம்பு வைத்து, கேரியரில் எடுத்துக்கொண்டு, என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனாள். ஷெட்டில் மாமாவும் இல்லை, வண்டியும் இல்லை.

"அந்த வண்டியா? அன்னிக்கே அனுப்பிட்டேனே" என்றார் மெக்கானிக். "ஏர் ஃபில்டர் பூரா தவிடு. டீசல் பீச்சுற நாசில் ஒண்ணு வேற அடைச்சிகினு இருந்துச்சி. டீசல் சரியா எரியல, அதான் கருப்பா பொகை, அதான் உதறல்."

"நீலமா வருது, இன்ஜின எறக்கணும்னு சொன்னாங்களே?" என்றாள் அத்தை.

"நீலமா வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம்ங்க. இதுக்கு அந்தக் கேடெல்லாம் இல்ல. நீங்க யாரு அவருக்கு?"

அத்தை கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சொந்தம்" என்றாள்.

"அப்ப வீட்டுக்கே போங்க. பின்னாடி தெருதான். அவரு சம்சாரம் இருப்பாங்க."

அந்தத் தெரு முனையிலேயே அத்தை நின்றுவிட்டாள். ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. லுங்கியோடு வெளியே வந்த மாமா, இடுப்பில் இருந்த குழந்தையை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். உதறலே இல்லை. மெக்கானிக் சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான் பின்குழாயை உற்றுப் பார்த்தேன்.

"அத்த, பொகையே வரல பாரு!"

அவள் என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. பஸ் ஸ்டாண்டில் கேரியரை என்னிடம் கொடுத்துச் சாப்பிடச் சொன்னாள். அவள் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

"இன்னாம்மா, வண்டி ரெடியாயிடுச்சா?" என்று சாயங்காலம் அப்பா கேட்டார்.

"இல்லண்ணா. பொகை இன்னும் நிக்கல. நாளாவுமாம்."

"இல்லப்பா, நாசில்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பாப்பாவுக்கு இன்னா தெரியும்" என்று அத்தை உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு சொல்லியும் புகை வருகிறதா இல்லையா என்றுகூட இவளுக்குப் பார்க்கத் தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், இன்னும் நீலமாகத்தான் வருகிறது என்று அப்பாவிடம் அலுத்துக்கொண்டார். அத்தை கறிச்சட்டியோடு வந்தாள். எங்கள் வீட்டில் ஈரல் எப்போதும் மாமாவுக்குத்தான். அன்று அத்தனையையும் அவள் என் தட்டில் போட்டாள். "கண்ணமங்கலம் வரைக்கும் எங்கூட அலைஞ்சா பாவம், துன்னட்டும்" என்றாள்.

மாமா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அத்தை அவருக்கு ரசம் ஊற்றினாள்.

நான் சந்தோஷமாக ஈரலைத் தின்றேன். மாமா ஏன் பாதிச் சோற்றில் கை கழுவினார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.