சூப்புக்காகப் பிரெஞ்சுக்காரன்

"உங்க பேரு உங்க பேரே இல்ல தம்பி" என்று இறைச்சிக் கடைக்காரர் வுட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் கிளிஃபர்ட் பேர்ட். பின்னால் வரிசை நெளிகிறது. "வுட்டுன்னா இங்கிலீஷ்ல காடு. காட்டுக்குப் பிரெஞ்சுல துபுவா. உங்க முப்பாட்டன் புராட்டஸ்டண்ட். சாமி கும்பிடவிடாம ஃபிரான்ஸ் ராஜா துரத்துனாரு. படகேறி இங்க வந்து பேர இங்கிலீஷா மாத்திக்கிட்டான்."

"துபுவாவோ துக்கடாவோ, கொத்துக்கறி கால் கிலோவா அரைக் கிலோவா?"

எங்கள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பேட்டையில் கிளிஃபர்டிடம் பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பியவர் கிடையாது. அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் நான், பெர்க்கின்ஸ் என்று பிறந்த பாவத்துக்கு, முசியே பெர்க்கான் ஆனேன். தேநீர்க் கடை மியாவையும் அவர் விடவில்லை. "மியேன்னு இருந்திருக்கும்யா" என்றார். "எங்க வங்காளத்து சில்ஹட்லயா சார்?" என்று கேட்டார் மியா. "துணி நெய்யறவன் எங்கதான் போகல!"

பேர்ட் என்றால் பறவை. ஆகவே அவர் லுவாசோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பிரெஞ்சில் தெரிந்தது 'போன்ஷூர்' ஒன்றுதான். வெண்ணெயில் பூண்டு வதக்கித் தின்றால் வயிறு ஊதிக்கொள்ளும். "ரத்தம் கேக்குதே, என்ன பண்ண?" என்பார்.

விளையாட்டாக இருந்தது வினையானது, வீட்டுக்காரன் வீட்டை விற்றபோது. கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வேண்டும். கென்ட் பக்கம் அந்தப் பிரெஞ்சு அகதிகளின் வம்சத்தாருக்கென்றே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஒரே ஒரு மூதாதையைப் பதிவேட்டில் காட்டினால் வாடகையில்லாமல் அறை. கிளிஃபர்டின் வம்சம் ஜான் பேர்ட் என்ற ஒருவனிடம் வந்து நின்றிருந்தது. அந்த ஜான் அதற்கு முன் லுவாசோவாக இருந்தான் என்று காட்ட வேண்டும், அவ்வளவே. அவருக்கு வேறு போக்கிடமில்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆவணக் காப்பகத்தில் பழைய பிரெஞ்சுத் தேவாலயப் பதிவுகளைப் புரட்டினோம். ஞானஸ்நானத்தில் இல்லை, கல்யாணத்தில் இல்லை. கடைசியில் ஏழை அகதிகளுக்குச் சூப் ஊற்றிய கணக்கில் அகப்பட்டான், ழான் லுவாசோ, அதாவது பிரெஞ்சு ஜான்! கிளிஃபர்ட் போட்ட கூச்சலில் காவலர் ஓடி வந்தார்.

காப்பகப் பெண் மீதியை மொழிபெயர்த்தாள். உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை. "ஃபிரான்ஸ்ல நீம்ங்கற ஊர்க்காரன்னு சொன்னானாம். பிரெஞ்சுல ஜெபம் சொல்லுன்னா, போன்ஷூர் போன்ஷூர்னானாம். நிஜப் பேரு ஜான் பேர்ட், எஸ்ஸெக்ஸ்காரன், சூப்ப நிறுத்தித் துரத்திட்டோம்னு எழுதியிருக்காங்க. அவ்வளவுதான் சார்."

ஊரெல்லாம் பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிண்ணம் சூப்புக்காக ஆங்கிலப் பெயரைப் பிரெஞ்சாக்கியிருக்கிறான் மனிதன். நானும் சிரித்தேன். கிளிஃபர்டின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"மேல் வரிய மட்டும் நகலெடுத்துக் காட்டுங்க, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"என் பாட்டன் பொய் சொல்லி சூப்பு போச்சு முசியே. நான் சொன்னா ரூமும் போயிடும்" என்றார்.

நேர்காணலுக்குத் துணிமணி அடைத்த பெட்டியுடனேயே வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? இல்லத்தை நடத்தும் லெஃபீவர் அம்மாள் முன்னறையில் வைத்தே முழுப் பக்கத்தின் நகலை வாங்கி, இரண்டு முறை படித்தார்.

"இதுல இவரு எங்க ஆளே இல்லன்னுதானே சார் இருக்கு?"

"நல்லாப் பாருங்க மேடம். துரத்திட்டோம்னு இருக்கு. துரத்தப்பட்டவன்தானே அகதி? உங்க பாட்டன ராஜா துரத்துனாரு. என் பாட்டன உங்க பாட்டன் துரத்துனாரு."

அம்மாள் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "கமிட்டியில கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனார். கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை. கிளிஃபர்ட் என் பக்கம் திரும்பவேயில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, பெட்டியைக் காலால் மெல்லத் தள்ளி, அந்தக் கதவுக்கு உள்பக்கமாக வைத்தார்.