ராயப்பன் பேரில் ஓர் ஓட்ஸ் சோப்பு

எங்க வூட்டுக்காரரு பேரு ராயப்பன். திண்டிவனத்துல சோப்பு ராயப்பன்னு கேட்டா சின்னப் புள்ளைகூட வழி காட்டும். அந்த சோப்பை அவரு ஒரு நாள்கூடக் கிண்டினதில்ல. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மில்லுல நல்ல வேலை இருந்துச்சு. தூசி ஒத்துக்கலன்னு விட்டுட்டு வந்து குந்திட்டாரு. அப்புறம் பூரா வாயாலேயே வடை சுட்டதுதான். காணை கிராமத்துலேர்ந்து என்னைக் கட்டிக் குடுத்தப்ப, மாப்பிள்ளை நல்லா பேசுவாருன்னு எங்கப்பாவுக்கு அவ்வளவு பெருமை. பெருமைப்பட்டாரு பாரு, அதுக்கு நான் இன்னும் அனுபவிக்கிறேன்.

எண்பத்துநாலுல எனக்கு ரெண்டு கையும் வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது. ஆஸ்பத்திரியில இருந்த ஒரு கன்னியாஸ்திரி அம்மாதான் இந்த சோப்பைக் கத்துக் குடுத்தாங்க. தேங்காய் எண்ணெயில காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணியை ஊத்திக் கிண்டணும். கெட்டியாகி வரும்போது ஓட்ஸை மாவா அரைச்சு, சலிச்சுப் போடணும். ஒரு மாசம் காயவச்சாதான் காரம் அடங்கும். ஓட்ஸ் தோலுல ஈரத்தைப் புடிச்சு வைக்கும், அரிப்பைக் கொறைக்கும், வேற மாயமெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னாங்க. என் கை ஆறிப்போச்சு.

மொதல்ல குதிரைத் தீனியை மேல தேய்க்கிறியேன்னு சிரிச்ச மனுஷன், கை ஆறினதும் ஊரெல்லாம் போயி கறுப்பு வெளுக்கும், தேமல் ஓடிடும்னு அளக்க ஆரம்பிச்சாரு. "நீங்க மொதல்ல தேய்ச்சுக்கினு வெளுத்துக் காட்டுங்க"ன்னேன். காது கேக்காத மாதிரி பீடியைப் பத்த வச்சாரு.

எங்ககிட்ட அதிகமா வாங்கினது செஞ்சிப் பக்கத்து நயினாருங்க, ஜைன மதத்துக்காரங்க. கொழுப்பு கலந்திருக்குமோன்னு கடை சோப்பைத் தொடமாட்டாங்க. அதுல குணமதி அம்மான்னு ஒருத்தங்க. அவங்க பொண்ணு ஜ்வாலாமாலினிக்கு ஆறு வயசு. கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணு. எந்தக் களிம்புக்கும் கேக்கல, இந்த சோப்புக்குக் கேட்டுச்சு. "புள்ள இப்ப அழாம தூங்குது ஜெயம்"னு என் கையைப் புடிச்சுக்கினாங்க.

நயினாருங்க தேனைத் தொடமாட்டாங்க. அடையைப் பிழிஞ்சா தேனீங்க சாவும்னு அவங்களுக்கு அது பாவம். இவரு அவங்க நடுவுல வளர்ந்தவரு, தெரியாதுன்னு சொல்ல வழியில்ல. பாண்டியில எவனோ வெள்ளைக்காரங்க சோப்புல தேன் போடுவாங்கன்னு சொன்னானாம். ஒரு பாட்டிலோட வந்து நின்னாரு.

"நயினாருங்களுக்கு ஆவாதே"ன்னேன்.

"சோப்புக்குள்ள போனா எவளுக்குடி தெரியும்? ஊத்து."

ஊத்தினேன்.

அஞ்சு மாசம் கழிச்சு குணமதி அம்மா பொண்ணை இட்டுக்கினு வந்தாங்க. அது கழுத்துல புண்ணு இருந்த எடமே தெரியல. அவங்க சோப்பை மோந்து பாத்துட்டு, "கொஞ்ச நாளா வாசனை வேறயா இருக்குதே, என்ன சேக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

"பூ வாசனைம்மா"ன்னாரு இவரு. பொய் சொல்றதுல மட்டும் அந்தாளுக்கு சோம்பல் கெடையாது.

அந்த அம்மா என்னைப் பாத்தாங்க.

"தேனும்மா. நாலு மாசமா"ன்னேன்.

அவங்க திட்டல. "இதைப் போட்டுக் குளிச்சுட்டுதான் தெனம் கோயிலுக்குப் போறா"ன்னு மட்டும் சொன்னாங்க.

எனக்கு மனசு ஆறல. உள்ள ஓடி, பிரிக்காத ஓட்ஸ் டப்பா ஒண்ணை எடுத்தாந்து நீட்டினேன். "சோப்பே வேணாம்மா. ஒரு புடி ஓட்ஸைத் துணியில முடிஞ்சு வெதுவெதுப்பான தண்ணியில ஊறவைங்க. அந்தப் பாலைப் பிழிஞ்சு மேல ஊத்துங்க, அரிப்பு அடங்கிடும்."

"பொழப்புல மண்ணைப் போடுறியேடி"ன்னு இவரு பல்லைக் கடிச்சாரு.

குணமதி அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. மூடியில ஒட்டின காகிதம்கூடக் கிழியல. "இதுல என்ன இருக்குமோ"ன்னு என் கையிலேயே வச்சுட்டு, பொண்ணைக் கூட்டிக்கினு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.

பொண்ணு மறுபடி ராத்திரியெல்லாம் சொறியுதுன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவங்க சொன்னாங்க. இவரு காதுல அது ஏறவே இல்ல, பாண்டிக்கு சோப்பு எடுத்துக்கினு போயிட்டாரு. அந்தாளு அப்படித்தான், போவட்டும். நாலு மாசம் தெரிஞ்சே அந்தப் புள்ளைக்குக் காயிதத்துல சுத்திக் குடுத்தது நான்.