பச்சோந்தியின் முதுகு

வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில், டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இருந்த எங்கள் வீட்டில் நான் வாய்விட்டுக் கதைக்க இருந்தது ஒரு பச்சோந்திதான். அப்பாவுடன் துணி ஆலையில் வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் வீடு மாறும்போது கூண்டும் விளக்குமாகத் தந்துவிட்டுப் போனது. அப்பா வேலை முடிந்தால் கூட்டம், ஆர்ப்பாட்டம் என்று போய்விடுவார். அம்மா தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் நடுவில் இருந்தார். வன்னிக்குள் அகப்பட்டிருந்த சின்னம்மாவின் அழைப்பு நின்றுபோயிருந்தது. எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடக்கூட அம்மாவுக்கு நினைவு வராது. ஒரு தரமாவது என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

பார்த்தது பச்சோந்தியைத்தான்.

டென்மார்க்கின் சூரியனை அம்மா ஒருநாளும் சூரியன் என்று ஒப்புக்கொண்டதில்லை. கூண்டின் கம்பிவலைக்கு வெளியே உயரத்தில் தொங்கிய விளக்கும் அவருக்குப் போதவில்லை.

"பாவம், இதுக்குக் குளிருதடி. எங்களைப்போல வெயில் நாட்டுச் சீவன்."

விளக்கைக் கழற்றிக் கூண்டுக்குள்ளே, உச்சிக்கிளைக்குக் கிட்டவாகக் கட்டினார். பச்சோந்தியும் ஏறிப்போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கனநாளைக்குப் பிறகு அம்மா சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சில நாட்களில் அதன் முதுகுத் தோல் கறுத்துக் கொப்பளித்தது. அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தார். செத்துப்போகப் போகிறது என்று நான் போட்ட கூச்சலில் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, அதை ஓர் அட்டைப்பெட்டியில் ஏந்தியபடி என்னையும் இழுத்துக்கொண்டு மிருகவைத்தியரிடம் ஓடினார்.

வைத்தியர் ஓர் இளம்பெண். எண்ணெய் பூசாமல் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். புண்ணைக் கழுவி வெள்ளைக் களிம்பு பூசினார். விளக்கு கூண்டுக்கு வெளியேதான் இருக்கவேண்டும், உச்சிக்கிளையில் கையை வைத்துப் பாருங்கள், கைக்குச் சுட்டால் அதற்கும் சுடும் என்றார். அவருடைய டேனிஷை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சுட்டா விலகிப் போறதுக்கென்ன? ஏன் அங்கையே இருந்தது எண்டு கேள்."

கேட்டேன். வந்த பதிலையும் சொன்னேன்.

"சூடு கிடைக்கிற இடத்தை அது நல்ல இடமெண்டு நம்புமாம் அம்மா. முதுகு எரியிறது தெரியாமலே இருக்குமாம். அங்க வைக்கிற ஆக்கள்தான் பாக்கோணுமாம்."

அம்மா நாற்காலியில் குனிந்து, வாய்விட்டு அழத் தொடங்கினார். வைத்தியர் பதறிப்போய், பிழைத்துவிடும், பயப்படவேண்டாம் என்றார். அதையும் சொன்னேன். அழுகை இன்னும் கூடியது.

பச்சோந்தி பிழைத்தது. சின்னம்மாவின் அழைப்பு பிறகு வரவேயில்லை. பாதுகாப்பான இடமென்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறோம் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் அதுவும், அந்த இடத்திலேயே ஷெல் விழுந்ததும் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வளர்க்கிற சீவனுக்கே இந்த அழுகை அழுகிற அம்மாவுக்கு என்னில் எவ்வளவு ஆசை இருக்கவேண்டும் என்று நினைத்து, வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.