பூஜ்யத்துக்கு வராத முள்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். ஞானதுரை இறந்த செய்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அடக்கத்துக்குப் போனேன். நம் மில்லின் பழைய மேனேஜர் மாலை போட்டுவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தங்கமான மனுஷன். அந்த கேஜ் விஷயத்துலதான் சறுக்கிட்டாரு." ஞானதுரையின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். ஞானதுரையோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் நம் மில் கிணற்றுக்குள் தண்ணீருக்கடியில் இருந்த பம்பின் வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். முதுகில் காற்று சிலிண்டர் கட்டி ஆள் இறங்க ஏற்பாடாயிற்று. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜ் வாங்கும் பொறுப்பு, பர்ச்சேஸ் ஆபீசரான ஞானதுரைக்கு. மதுரைக் கடைக்கு நானும் போனேன். ஒரே சிலிண்டரில் ஒவ்வொரு கேஜாக மாட்டி, ஒன்றுக்கொன்று ஒத்துவராதவற்றை ஒதுக்கினார். காற்றைத் திறந்துவிட்டு, முள் எங்கும் சிக்காமல் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்தார்.

"அண்ணாச்சி, கேஜ் வாங்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு பிடிக்கலன்னா வேற வீடு பாக்கலாம்வே. இது பொய் சொன்னா இறங்குன ஆளு மேல வரமாட்டான்."

அப்படிச் சோதித்து வாங்கிய கேஜ் ஒரு மழைக்காலத்தில் கீழே விழுந்தது. அதன்பின் காற்றை முழுதும் விட்டாலும் முள் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றது. ஞானதுரை அதைக் கழற்றி வைத்து, வேறு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்றார். நம் மில் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: முள் தப்பாக நின்றால் அதைப் பிடுங்கிப் பூஜ்யத்தில் வைத்து அமுக்கிவிடுவோம். நீராவிக் குழாயில் அப்படிச் சமாளிக்கலாம். பக்கத்திலேயே இன்னொரு கேஜ் இருக்கும். ஞானதுரை லீவில் இருந்த அன்று, மேனேஜர் என் கண்முன்னே ஃபிட்டரிடம் சொன்னார்: "ஏலே, முள்ள நேராக்கி மாட்டு. அந்தாளு வந்தா நாள் பூரா சோதனை போடுவாரு."

நான் வேண்டாம் என்றேன். "உம்ம படிப்பை ஆபீஸ்ல வச்சுக்கிடும்" என்றார்.

வடிகட்டியைச் சுத்தம் செய்ய, தேவதானம் ஊர்க்காரர் மாடசாமி இறங்கினார். பிணமாகத்தான் தூக்கினோம். காலி சிலிண்டரில், பூஜ்யத்தில் அமுக்கி மாட்டிய முள் இறங்கும் வழியில் சிக்கி, அப்போதும் பாதிக் காற்று இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

மட்டமான கேஜ் வாங்கினார் என்று ஞானதுரையை வேலையை விட்டு அனுப்பினார்கள். சாட்சி சொல்லக் கிளம்பிய என்னைத் தடுத்தவர் அவரே. "மேனேஜர் தப்பிச்சுக்கிடுவாரு. ஃபிட்டரைத்தான் உள்ள தள்ளுவாவ. புள்ளகுட்டிக்காரன். விடும்வே." பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இரும்புக்கடையில் பில் போட்டுக் காலம் தள்ளினார்.

அந்த ஃபிட்டரும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிக் காப்பாற்ற யாருமில்லை.

மேனேஜரை நான் மன்னிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைத் தடுத்தவர் என்பதும் அதில் சேர்த்தி. யாரென்று அவர் ஊகித்தால் ஊகிக்கட்டும்; என் பெயரைப் போட்டால், பழைய பகையில் எழுதியது என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார். ஞானதுரையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சோதனை ஒன்றுதான்: காட்டுவதை நம்புமுன், காற்றை விட்டுவிட்டு முள் எங்கே நிற்கிறதென்று பார். மேனேஜர் விஷயத்தில் என் முள்ளும் பூஜ்யத்துக்கு வருவதில்லை. அதனால் என் பெயரைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

நம் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்கு ஒரு பிரதி, அவர் மனைவிக்கு ஒன்று. நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். இரண்டிலும் கையெழுத்து இருக்காது.