கரை வழியாகப் போன கார்

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத வாடகைக்கு விட்டிருந்தோம். கணவன், மனைவி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். வந்த மறுநாள் காலை, அந்தக் கணவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, ஒரு ஊரின் பெயரைச் சொல்லி அதற்கு எந்த பஸ் போகும் என்று என்னிடம் கேட்டார். அவர் சொன்னது நாகமலையைத் தாண்டி மேற்கே இருக்கும் எங்கள் ஊர். என் அப்பா பிறந்த ஊர்.

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இவர்களை ஊரே திரண்டு வரவேற்க வேண்டும். கொட்டு, மாலை, கோயில் மரியாதை, எல்லாம்.

"பஸ்ஸா? என்னண்ணே நீங்க! அது எங்க ஊருண்ணே!"

அவர் லேசை விட்டுவிட்டு எழுந்தார். "உங்க ஊரா? எங்கப்பா பொறந்த ஊரு தம்பி. பதினேழு வயசுல கப்பல் ஏறுனவரு, திரும்பி வரவே இல்ல. போன வருஷம் அங்கயே காலமாயிட்டாரு. அவரு தங்கச்சி மகன் ஒருத்தர் ஊருல இருக்கணும். அவரைக் கண்டுபிடிச்சிட்டாப் போதும். எம் பொண்ணுக்கு இந்த நாட்டுல இவருதான் நம்ம ஆளுன்னு காட்ட ஒருத்தராவது வேணுமில்ல?"

பினாங்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவர். நான் அப்போது சரித்திரத்தில் எம்.ஏ. முதல் வருஷம். வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்து இரண்டு இதழோடு நிறுத்தியிருந்தேன். அடுத்து என்ன செய்யலாம் என்று கை அரித்துக்கொண்டிருந்த நேரம்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தத் தெருவாம்?"

"அதெல்லாம் எதுக்குப்பா? நம்ம ஊரு, அம்புட்டுத்தான்."

அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சாதி பார்க்காதவன் என்கிற நினைப்பு. இப்போது யோசித்தால் விஷயம் அதுவல்ல. காமிராவும் ஷூவுமாக, நிமிர்ந்து பேசுகிற ஒருவரை எங்கள் தெருக்காரர் என்று மனசுக்குள் நானே முடிவு கட்டியிருந்தேன். முடிவு கட்டியவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

ஊரில் பெரியப்பாவுக்கு மூச்சு என்றால் அது மரியாதைதான். நான் போட்ட கார்டைப் பார்த்ததும், "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லு, அசத்திப்புடுவோம்" என்று மதுரைக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை அம்பாசடரில் புறப்பட்டோம். கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, நாகமலைப் புதுக்கோட்டையை விட்டு வெளியே வந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். எல்லாம் அவருடைய அப்பா சொன்னவை. பஸ் ரோட்டிலிருந்து இறங்கினால் கண்மாய்க் கரை வரும், கரைமேலே நடந்தால் மடை வரும், மடையைத் தாண்டினால் வரிசையாக மூன்று வேலமரம், மூன்றாவது மரத்துக்கு நேர் கீழே வீடு. இதையே மகளிடம் ஒப்பிக்கச் சொன்னார். அவளும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பாடம் மாதிரி ஒப்பித்தாள். எனக்குக் காது அங்கே இல்லை. கொட்டுக்காரர்கள் நேரத்துக்கு வந்திருப்பார்களா என்பதுதான் என் கவலை.

வந்திருந்தார்கள். ஊர் வாசலில் நான்கு பேர் வெயிலில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பெரியப்பா கையில் மாலை. பக்கத்தில் ஒருவர் தாம்பாளத்தில் பரிவட்டத் துணியை வைத்துக்கொண்டு நின்றார், வந்தவர் தலையில் கட்ட. காரை விட்டு இறங்கியதும் வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. இம்புட்டுத் தூரத்துலருந்து ஊரத் தேடி வந்தீகளே, அது போதும்" என்றார் பெரியப்பா. மாலையைப் பாதி தூக்கியவர், வழக்கமான விசாரிப்பாகத்தான் கேட்டார். "தாத்தா யாருங்கய்யா?"

வாத்தியார் தாத்தாவின் பெயரைச் சொன்னார். அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, நெஞ்சை நிமிர்த்திச் சேர்த்துக்கொண்டார். "இந்தக் கண்மாய்க்கு மடை தொறந்து விடறவரு. அவரு முங்கித் தொறந்தாத்தான் ஊருக்கே தண்ணியாம். அப்பா பெருமையாச் சொல்லுவாரு."

தண்ணீருக்குள் மூழ்கி மடை திறக்கும் வேலையைக் காலங்காலமாகச் செய்துவந்தவர்கள் யார், அவர்கள் குடியிருப்பது எங்கே என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கொட்டுக்காரர்களில் ஒருவர் கை சட்டென்று நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

பெரியப்பா முகம் சுளிக்கவில்லை. "சந்தோசம், சந்தோசம்" என்றார். ஆனால் மாலை அவர் கையிலிருந்து பின்னால் நின்றவர் கைக்குப் போனது. தாம்பாளம் கூட்டத்துக்குள் எங்கேயோ போய்விட்டது. என் முழங்கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏண்டா, படிச்ச பயதானடா நீ? யாரு என்னன்னு கேக்க மாட்டியா? வண்டியக் கரை வழியா விடு. தெருவுக்குள்ள வேணாம். நாளைக்கு ஊருக்கு நாந்தான பதில் சொல்லணும்."

நான் எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். "சரி பெரியப்பா" என்றேன். போய் வாத்தியாரிடம் சொன்னேன். "தெருவுக்குள்ள ரோடு சரியில்லண்ணே. கரை வழியாப் போயிருவோம்."

அவர் அந்தத் தெருவைப் பார்த்தார். ஈரம் காயாத கோலங்களைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

கார் கரைமேல் ஏறியதும் அந்தப் பெண், "அப்பா, அந்த ரோடு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கண்மாயைப் பார்த்தேன்.

மடை வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு வேலமரம், அப்புறம் இன்னொன்று. வாத்தியார் டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மூன்றாவதைத் தேடிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க நம்பளைச் சரியான வழியிலதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அப்பா சொன்ன வழி இதுதான். நானும் யோசிச்சிருக்கேன், ஊரைப் பத்தி இவ்வளவு பேசுற மனுஷன் ஊருக்குள்ள ஒரு தெரு இருந்துச்சுன்னு சொன்னதே இல்லியேன்னு. அவரு அதுல நடந்தாத்தானே சொல்றதுக்கு?"

குரலில் கோபம் இல்லை. ஒருவேளை இருந்து எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்.

காருக்குப் பின்னால் ஒருவர் கொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். ஊர் வாசலில் முதலில் கையை நிறுத்தியவர். மூச்சு வாங்க வாத்தியார் முன்னால் நின்று, "எங்க தாத்தா பேரத்தான அங்க சொன்னீக?" என்றார். அவர்தான் அத்தை மகன்.

மூன்றாவது வேலமரம் விழுந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே இருந்த வீட்டில் இப்போது அவர்தான் குடியிருந்தார். காலனியே கூடிவிட்டது. அந்தப் பெண்ணின் ஷூவைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குள் அடிதடி.

"மாமன் மகன்னு தெரியாமலே மாமன் மகனுக்குக் கொட்டடிச்சிருக்கேன் பாருங்க! தெரிஞ்சிருந்தா கூட ரெண்டு அடி போட்டிருப்பேன்ல மச்சான்!" என்று அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கேட்டேன். "அப்ப அங்கனயே சொல்லிருக்கலாமேண்ணே?"

"எங்கன, ஒங்க பெரியப்பாரு முன்னாடியா? நல்லாக் கேட்டீக தம்பி."

டம்ளரில் கலர் சோடா ஊற்றிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குடித்தேன். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அன்றைய வெட்கத்தில் பெரியப்பாவிடம் சொன்ன 'சரி'க்கு அடுத்தபடியாக இந்த இரண்டாவது டம்ளரைத்தான் வைப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "வரவேற்பெல்லாம் எப்படி?" என்றார். "பிரமாதம்ப்பா" என்றேன்.

இதெல்லாம் போன வருஷம். போன வாரம் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அத்தை மகனின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், குடும்பத்தோடு வருகிறார்கள். கரைமேல் மகள் நிற்கிற போட்டோ ஒன்றும் உள்ளே இருந்தது. கடைசி வரி எனக்கு: "இந்தத் தடவையாவது ரோடு சரியாகியிருக்குமா தம்பி?"

ஆறு நாளாகப் பதில் எழுத உட்காருகிறேன். மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் நான்கு பக்கமும் என்னைப் பற்றி. கிழித்துவிட்டேன். கல்யாணத்தன்று பெண் மாப்பிள்ளையை அந்தத் தெரு வழியாக ஊர்வலம் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. கையும் பரபரத்தது. உடனே பயமும் வந்தது. நான் பஸ் ஏறி மதுரைக்கு வந்துவிடுவேன், அங்கே இருக்கப் போகிறவர்கள் அவர்கள். போன தடவை யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஆரம்பித்ததால் வந்த வினைதானே எல்லாம்?

அதனால் நாளைக் காலை அப்பாவிடம் 'பிரமாதம்' பொய் என்று சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய்க் கரையில் இறங்கி, முதலில் மூன்றாவது வேலமரம் இருந்த இடத்துக்குக் கீழே உள்ள வீட்டுக்குப் போய், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் என்ன சொன்னாலும், அதற்குப் பிறகு தெரு வழியாகப் பெரியப்பா வீட்டுக்கு நடந்து போய், அந்தக் கடைசி வரியை அவர் முகத்தைப் பார்த்து வாசித்துக் காட்ட வேண்டும். குரல் நடுங்காமல் வாசிக்க முடியுமா என்று தெரியவில்லை. இப்போதே இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன்.