கேசா ஹார்ம்ஸின் கைப்பிடி

கல்லறைத் தோட்டத்தில் குழி மூடுவதற்கு முன்னால், இறந்தவரின் குடும்பத்தார் ஒரு வரிசையாக நிற்பார்கள். ஊரார் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கிவிட்டு நகர்வார்கள். வடகடல் காற்று அடிக்கும் இடத்தில் யாரும் அதிக நேரம் செலவிடுவதில்லை. ஒரு பிடி, ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். கேசா ஹார்ம்ஸ் மட்டும் அப்படியில்லை. அவர் பிடித்தால் விடமாட்டார். பாதி மூடிய இமைகளோடு, சோர்ந்த முகத்தோடு, ஒரு சொல்லும் பேசாமல் பிடித்துக்கொண்டே நிற்பார். பின்னால் வரிசை தேங்கி நிற்கும். யாரும் அவரை அவசரப்படுத்தியதில்லை.

"கேசா வந்து கையைப் பிடிச்ச பிறகுதான் எனக்கு அழுகையே வந்துச்சு" என்று சொன்ன விதவைகள் எங்கள் ஊரில் குறைந்தது ஐந்தாறு பேர் இருப்பார்கள். சாவு விழுந்தால் சில குடும்பத்தார் பாதிரியாருக்கு அடுத்தபடியாகப் பேக்கரிக்குத்தான் செய்தி அனுப்புவார்கள். கேசா அங்கேதான் இருபத்தேழு வருடமாக ரொட்டி விற்றார்.

நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அப்பா கடல்தடுப்பு மேட்டில் கல் பதிக்கும் வேலை செய்தவர். நான் மருத்துவம் படிக்கப் போன முதல் குளிர்காலத்தில் இறந்துபோனார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு இறால் உரிக்கப் போய்விடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். கேசா வந்து என் கையைப் பிடித்தார். விடவில்லை. இந்த ஊரில் ஒருவராவது என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்று தோன்றியது. ஒரு வாரம் கழித்து ரயில் ஏறித் திரும்பிப் போனேன்.

அதனால்தான் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. இதை எழுதும்படி கேசாவே சொல்லியிருந்தாலும்கூட.

அவருடைய வாழ்க்கையில் வெளியே சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. அவருடைய அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிடும் ஆள். ஊரே அவரைச் சோம்பேறி என்றது. கேசாவும் சொன்னார். ஐம்பது வயதில் அந்த நாற்காலியிலேயே அவருடைய இதயம் நின்றுபோனது. கேசாவுக்குக் கல்யாணம் ஆனது. கணவர் ஹாம்புர்க்கில் வேறொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது மகள் இம்கே. என்னைவிட இரண்டு வயது சின்னவள். பேக்கரியில் கேசா ரொட்டிப் பையை நீட்டுவார், வாடிக்கையாளர் பிடிப்பார், பை நகராது. "பாதி ரொட்டியை நீயே வச்சுக்கோ கேசா, மீதியையாவது குடு" என்று தினமும் யாராவது கிண்டல் செய்வார்கள். கேசாவும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு உதட்டில்தான் தெரியும். முகத்தின் மற்ற பகுதி அசையாது.

என் அப்பா இறந்து ஒன்பது வருடம் கழித்து, குடும்ப மருத்துவப் பயிற்சிக்காக எங்கள் ஊர் டாக்டர் லூபனிடமே சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு வருடம் நரம்பியல் வார்டில் இருந்துவிட்டு வந்திருந்தேன். ஜனவரியில் ஒரு காலை, கேசா கண் மருத்துவரின் கடிதத்தோடு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை, அறுவை சிகிச்சைக்கு முன் பொதுப் பரிசோதனை தேவை, வயதுக்கு இது சீக்கிரம் என்று எழுதியிருந்தது. அவருக்கு ஐம்பத்து மூன்று.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"தூக்கம்தான். பஸ்ல உக்காந்தா கடைசி நிறுத்தத்துலதான் முழிக்கிறேன். டிரைவருக்கே பழகிப்போச்சு, எழுப்பி விட்டுருவான்."

இரத்த அழுத்தம் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன், கடிதம் எழுதினேன். சந்தேகம் எதுவும் வரவில்லை. எழுந்து போகும்போது அவர் கையை நீட்டினார். தொற்றுக்காலத்திலிருந்து எங்கள் சுவரில் கை குலுக்க வேண்டாம் என்று ஒரு காகிதம் தொங்குகிறது. டாக்டர் லூபன் அதை இன்னும் கடைப்பிடிக்கிறார்.

நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"அது ஊருக்கு வர்ற விருந்தாளிங்களுக்கு" என்றார் கேசா.

பிடித்தேன். பிடித்தார். போதுமான நேரம் ஆனதும் என் விரல்களைத் தளர்த்தினேன். அவருடையவை தளரவில்லை.

"விடுங்க கேசா, அடுத்த ஆள் காத்திருக்காங்க."

"விடுறேன், விடுறேன். காலையில முரண்டு பிடிக்கும். பத்து ரொட்டி எடுத்துக் குடுத்தா சரியாயிடும்."

அப்போதுதான் முகத்தை விட்டுக் கையைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏழு நொடி ஆயிற்று. திரும்ப உட்காரச் சொல்லிவிட்டு, நரம்பு பார்க்கும் ரப்பர் சுத்தியலால் கட்டைவிரலின் அடிச்சதையில் லேசாகத் தட்டினேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் சாய்ந்து அங்கேயே நின்றது. பிறகு யோசித்து யோசித்துத் திரும்பி வந்தது.

தூங்கும் இமை, அசையாத முகம், சீக்கிரம் வந்த புரை, பகல் தூக்கம், விட மறுக்கும் கை. மயோடோனிக் டிஸ்ட்ரோபி. பரம்பரையாக வரும் நோய். இறுகிய தசை தளர மறுக்கும், நாளாக ஆக வலுவிழக்கும், இதயத் துடிப்பையும் தடுமாற வைக்கும். வார்டில் இப்படி ஒருவரைப் பார்த்திருந்தேன். என் மனதில் முதலில் வந்தது சந்தோஷம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கடினமான கேள்விக்கு விடை தெரிந்த மாணவியின் சந்தோஷம். அடுத்த கணம் கல்லறைத் தோட்டத்தில் என் கை இருந்த இடம் ஞாபகம் வந்தது. சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மரபணுச் சோதனைக்கு எங்கள் நாட்டில் முறைப்படி ஆலோசனை சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வாங்கினேன். முடிவு நான்கு வாரத்தில் வந்தது. நான் நினைத்ததுதான்.

டாக்டர் லூபன் தாளை இரண்டு முறை படித்தார். "தொற்றுக்காலத்துக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் இந்தக் கையைக் குலுக்கியிருக்கேன்" என்றார். "எவ்வளவு பாசமான மனுஷின்னு நினைச்சேன்."

"பாசமான மனுஷிதான்."

"அதைச் சொல்லல ரீக்கே, டாக்டரா நான் கவனிக்கலையே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேசாவை வரவழைத்துச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மயக்க மருந்து ஆபத்தாகலாம் என்பதால் அதைச் சொல்லும் ஒரு அட்டை எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு இம்கேயைப் பற்றிச் சொன்னேன். பாதிக்குப் பாதி அவளுக்கும் இருக்கலாம். தாய் வழியாக இறங்கும்போது சில குழந்தைகளுக்கு இது மிகக் கடுமையாக வரும். பிறந்ததும் மூச்சுவிடத் தெம்பு இருக்காது. இம்கேக்கு அப்போது முப்பத்தொன்றாவது வாரம். பண்ணை வீட்டில், சொந்தக் கட்டிலில் பெற்றுக்கொள்ளப்போகிறாள் என்று ஊருக்கே தெரியும். பச்சிளம் குழந்தைக்கு மூச்சுக்கருவி வைக்கக்கூடிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒரு மணி நேரம்.

"அவகிட்ட சொல்லக் கூடாது" என்றார் கேசா.

"அவளுக்குத் தெரியணும். பிள்ளையோட உயிர் விஷயம்."

"ரெண்டு கர்ப்பம் கலைஞ்சு இது மூணாவது. இப்பதான் சிரிக்கிறா. இப்பப் போயி, இந்தா, உனக்கு நான் குடுத்த சீதனம்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க தெரிஞ்சு குடுக்கல."

"எங்கப்பாவைச் சோம்பேறின்னு நானும் சேர்ந்து சொன்னேன். அதுவும் தெரியாமத்தான் சொன்னேன். அதுக்காக வலிக்காம இருக்குதா?" மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார். "இதுக்காகத்தான ஜனங்க என்னைக் கூப்பிட்டாங்க. நல்லது ஒண்ணு என்கிட்ட இருந்துச்சுன்னா அது இதுதான். இனிமே என்னன்னு சொல்லுவாங்க? நோவுன்னு சொல்லுவாங்க."

நீங்கள் அன்றைக்கு என் கையைப் பிடித்திருக்காவிட்டால் இங்கே டாக்டராக உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று விளங்காததால் சொல்லவில்லை.

மருத்துவர் சங்கத்தின் வழக்கறிஞரிடம் பேசினேன். நோயாளியின் இரகசியம் இரகசியம்தான், முதலில் அவரை இணங்க வைக்கப் பாருங்கள் என்றார். உயிருக்கு ஆபத்தென்றால் மீறலாம், ஆனால் ஆபத்து அந்த அளவுக்கு இருந்ததா என்பதை அப்புறம் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றார். அதாவது கதவு பூட்டியிருக்கிறது, சாவியும் உன்னிடமே இருக்கிறது, திறந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவ்வளவு படித்ததே இந்த மாதிரி அறைக்குள் வந்து நிற்கத்தானா என்று அன்றைக்கு நினைத்தேன். தெரியாமல் இருப்பது சுலபம். எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாதவை எத்தனையோ இருந்தன. அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

கேசாவிடம் சொன்ன ஐந்தாம் நாள் பேக்கரியில் இம்கேயைப் பார்த்தேன். வயிறு வாரக்கணக்குக்குப் பெரிதாக இருந்தது. நோயுள்ள குழந்தை பனிக்குட நீரைச் சரியாக விழுங்காது, நீர் சேரும். அது எனக்குத் தெரியும். கல்லா மேசைக்குப் பின்னால் கேசா அசையாமல் நின்றார்.

"பெரிய பிள்ளை, சோம்பேறிப் பிள்ளை" என்று இம்கே வயிற்றைத் தட்டினாள். "உதைக்கவே மாட்டேங்குது. தாத்தா மாதிரி நாற்காலி போட்டுத் தூங்குது போல."

"அசைவு குறைவா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடு இம்கே. இன்னைக்கே."

"நேத்துதான் மருத்துவச்சி வந்து துடிப்பு கேட்டா. குதிரை மாதிரி ஓடுதாம்."

"என்கிட்டயாவது ஒருதரம் வாயேன்."

"மூக்கு ஒழுகினா வரேன், டாக்டரம்மா" என்று சிரித்தாள். கேசா என்னிடம் ரொட்டியை நீட்டினார். பை எங்கள் இருவர் கையிலும் சிறிது நேரம் இருந்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, கேசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "திங்கட்கிழமை வரைக்கும் பொறுப்பேன். அதுக்கப்புறம் நானே சொல்லிடுவேன்."

"சொல்லு. அப்புறம் என் முகத்துல முழிக்காத."

சனிக்கிழமை படகுக்காரர் ஓன்னோவை அடக்கம் செய்தோம். ஊரே வந்திருந்தது. மனைவி அல்முத் வரிசையின் முதலில் நின்றார். கேசா என் முன்னால் இரண்டு பேர் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தார். அல்முத்தின் எதிரில் வந்ததும் நின்றார். கைகளை மேலங்கிப் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

அல்முத் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"கேசா, என் கையைப் பிடிக்க மாட்டியா?"

"இன்னைக்கு வேண்டாம் அல்முத்."

"ஓன்னோ உன்னை என்ன பண்ணினான்? எல்லார் வீட்டுக்கும் பிடிச்ச, எங்க வீட்டுக்கு மட்டும் பையிலயே வச்சுக்கிட்டியா?"

கேசா நகர்ந்துவிட்டார். ஆலயக் கூடத்தில் தேநீருக்கும் வெண்ணெய்க் கேக்குக்கும் உட்கார்ந்தபோது எல்லா மேசையிலும் அதுதான் பேச்சு. இம்கே தன் அம்மாவின் நாற்காலியை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். நான் எதிரில் இருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டுமோ என்னவோ, போகவில்லை.

"என்னம்மா கூத்து இது? அல்முத் அழறா. போய்க் கையைக் குடுத்துட்டு வா."

"அது கை இல்லடி" என்றார் கேசா. "நோவு. இத்தனை வருஷமா எல்லாருக்கும் நோவைத்தான் நீட்டிக்கிட்டு இருந்திருக்கேன். தெரிஞ்ச பிறகு அதை எப்படி நீட்டுறது?"

இம்கே சிரிக்கப் பார்த்தாள். கேசா அவளிடம் கேக் கரண்டியைக் கொடுத்தார். "இறுக்கிப் பிடி. நல்லா. இப்ப கீழ போடு."

கரண்டி உடனே விழவில்லை. அதிக நேரம் இல்லை. இரண்டு நொடி இருக்கலாம், மூன்று இருக்கலாம்.

"கை வீங்கியிருக்கு. மாசமா இருந்தா வீங்கும்னு சொன்னாங்க" என்றாள் இம்கே.

கேசா நான்கைந்து வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நோயின் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் நாற்காலியைச் சொன்னார், குழந்தையின் மூச்சைச் சொன்னார், ஒரு மணி நேரப் பாதையைச் சொன்னார். இம்கே அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"பதினொரு நாளா."

"பேக்கரியில பார்த்தப்ப?"

"தெரியும்."

"பிள்ளை தாத்தா மாதிரித் தூங்குதுன்னு சொன்னேன். நீ சிரிச்ச."

சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. சிரித்திருக்கலாம். சட்டம் வாயைக் கட்டியிருந்தது என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் மேலங்கியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் முன்கூட்டியே பேசி வைத்தேன். அதற்கு மட்டும் இம்கே சம்மதித்தாள். பனிக்குட நீரை வடித்தார்கள், படுக்க வைத்தார்கள். முப்பத்தைந்தாவது வாரம் அறுவை சிகிச்சை. பெண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை. மூச்சுக்குக் குழாய் வைக்க ஆட்கள் பக்கத்திலேயே தயாராக நின்றிருந்தார்கள்.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள், நோயாளிகள் காத்திருந்த ஒரு காலை வேளையில் கேசா அழைத்தார்.

"குழாயை எடுத்துட்டாங்க. தானா மூச்சு விடுது. மெதுவாத்தான் விடுது, ஆனா விடுது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விடலாங்கறாங்க. நான் விடல. அதோட விரலைப் பிடிச்சு எனக்கு விட முடியாமப் போயிட்டா? அவ்வளவு சின்ன விரல் ரீக்கே."

"வெந்நீர்ல கையை நனைங்க. அப்புறம் ஒரு பத்துத் தடவை மூடித் திறங்க. பேக்கரியில நடக்கிற மாதிரிதான், போகப் போகத் தளரும். நீங்க பிடிக்காதீங்க. ஒரு விரலை மட்டும் நீட்டுங்க, அது பிடிக்கட்டும்."

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"இம்கே பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டேன்.

"இருக்கா."

"பேசட்டுமா?"

கேசா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"வேண்டாம்கிறா. நீ சொன்ன வெந்நீரை மட்டும் அவளுக்கும் ஒரு கிண்ணத்துல எடுத்துட்டு வரச் சொல்றா."